கோப்பு எண் 1147

இஸ்மீரில், பல்கலைக்கழகப் பணியாளர் பிரிவில்
மூன்றாவது மேசை என்னுடையது.
ஓய்வு பெறுகிறவர்களின் நாட்களைக் கூட்டித் தருவது வேலை.
மெஃபாரெத் குலாக்ஸிஸ் வந்த அன்று
வெப்பக்குழாய் பழுது.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

பிறப்பு: கிரெஸுன், 1937.
தந்தை: துறைமுகத்து எடைமேடைக் காவலர்.
குடும்பப் பெயருக்குக் காதில்லாதவர் என்று பொருள்.
"எனக்கு இரண்டும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.
பெயர்ச் சட்டம் வந்த வருடம்
உங்களைப் போல ஒரு குமாஸ்தா
ஒரே மதியத்தில் ஒரு தெருவுக்கே பெயர் வழங்கினானாம்.
அப்பாவைக் கூப்பிட்டது அப்பாவுக்குக் கேட்கவில்லை.
அவ்வளவுதான்."

1955, இஸ்தான்புல், கணிதத் துறை.
விடுதி விளக்குகள் பத்து மணிக்கு அணையும்.
மிச்சப் படிப்பு படகுத்துறைக் காத்திருப்பறையில்;
கடைசிப் படகு போன பிறகும்
அங்கே ஒரு விளக்கை யாரோ அணைக்க மறப்பார்கள்.

1960 முதல் 64 வரை ஜெர்மனி, மார்பூர்க்.
ஆய்வேட்டின் தலைப்பை எழுத்தெழுத்தாகச் சொல்ல
எழுதிக்கொண்டேன்.
பகா எண்கள் என்பது மட்டும் பிடிபட்டது:
யாருக்கும் பங்கு பிரித்துத் தர முடியாதவை.
போகப் போக அருகி வருமாம்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
எவ்வளவு தூரம் வெறுமையாகக் கிடக்கலாம் என்று
வரம்பு தேடியிருக்கிறார்.

1966, இங்கே.
கட்டுரைகள் பதினொன்று.
ஒன்றின் பக்கத்தில் நட்சத்திரக் குறி. ஏன் என்றேன்.
"அது தப்பு. நாலாம் பக்கத்தில்
கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
நானே பத்திரிகைக்கு எழுதினேன், அரைப் பக்கத் திருத்தம்.
அதையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று போடுங்கள்."

1983 பிப்ரவரி.
ஒரு தாள். இரண்டு வரி. ராணுவ முத்திரை.
காரணம் என்ற இடத்தில் ஒரு சட்ட எண்.
அதற்கப்புறம் ஏழு வருடம்
கோப்பில் ஒரு தாளும் இல்லை.

"அத்திப்பழம்" என்றார்.

பஸ்மனே ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கெழுத்து.
பகலில் பெட்டி, எடை, ஈரப்பதம்.
இரவில் எடைச்சீட்டுகளின் பின்பக்கம்.
நூற்றுச் சொச்சம் சீட்டுகளைத் தைத்து
மார்பூர்க்குக்கு அனுப்பியிருக்கிறார்.
மூன்று மாதம் கழித்துப் பதில்:
நிரூபணம் சரி.
ஒன்பதாம் தாளும் பத்தாம் தாளும் ஒட்டியிருந்தன,
ஆவி காட்டிப் பிரித்தோம்.

"ஆக, இடைவெளியை ஆராய்ந்தவரே
ஓர் இடைவெளிக்குள்..." என்று
கொஞ்சம் அழகாக ஆரம்பித்தேன்.
கையை உயர்த்தினார்.
"அது எண்களைப் பற்றியது.
இது சம்பளத்தைப் பற்றியது.
ஏழு வருடம் எனக்குச் சம்பளம் வரவில்லை."

நாட்களைத் தானே கூட்டிப் பார்ப்பதாகப்
பேனாவை வாங்கினார்.
என் இயந்திரம் சொன்னதைவிட நூறு குறைந்தது.
மறுபடி கூட்டினார், மறுபடி நூறு.
"கையிலிருந்த ஒன்றை விட்டுவிட்டேன்" என்றார்,
வெட்கம் துளியும் இல்லாமல்.

படிவத்தின் ஒன்பதாம் கட்டம்:
பணியில்லாக் காலத்தில் செய்தது என்ன?
நான் பேனாவோடு காத்திருந்தேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
கட்டமோ சின்னது.
எங்கள் மொழியில் அத்திக்கு ஐந்தே எழுத்து,
எழுதிவிட்டேன்.

ஆறு வாரத்தில் அங்காராவிலிருந்து கோப்பு திரும்பியது.
அந்தச் சொல்லின் மேல் சிவப்புக் கோடு,
ஓரத்தில் 'பொருந்தாது'.

கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.
"படிக்க முடிகிறது" என்றார்.
கையொப்பம் இட்டார். மூடியைத் திருகினார்.

பிறகு கேட்டார்:
"முதல் தொகை எந்தத் தேதி?"