பசிக்கு வாடகை

தீவனக்கடை கொடுத்த நாள்காட்டியின் முதுகில்
ஹாலிஸ் கணக்கு எழுதுகிறான்.
பென்சில் மொட்டை.
முட்டை பதினோரு டஜன், நாற்பத்து நான்கு டாலர்.
கோழித் தீவனம், அறுபத்தொன்று.
"ஆக, டஜனுக்கு ஒன்றரை டாலர்
வாங்குகிறவர்களுக்கு நாம் கொடுக்கிறோம்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அடுத்த வரியில் வாத்து முட்டையைத் தொடங்கினான்.

ஐந்தரை ஏக்கர். அதில் இரண்டு வெறும் கல்.
ஓசார்க் மலையில் கல்லைப் பொறுக்கி எறிந்தால்
அடுத்த மழைக்கு
அதன் தம்பி எழுந்து நிற்கிறான்.
மரவாடியை மூடிய பிப்ரவரியில்
"இதில் பிழைத்துக்கொள்ளலாம்" என்றவள் நான்தான்.
அந்த வாக்கியத்தை அவன் ஒருநாளும்
எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாலையோரம் ஒரு பழைய குளிர்பெட்டி வைத்தோம்.
பூட்டில்லை, ஆளில்லை.
காப்பி டின்னின் மூடியில் காசு போட ஒரு கீறல்.
மாலையில் குலுக்கிப் பார்த்து
சத்தத்தைக் கொண்டே தொகை சொல்லிவிடுவேன்.
ஒருநாள் சத்தமே இல்லை.
உள்ளே ஒரு சீட்டு:
"மூன்று டஜன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை சம்பளம்."
எந்த வெள்ளி என்று எழுதவில்லை.
ஹாலிஸ் அதையும் வரவில் ஏற்றினான்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு.

சனிக்கிழமைச் சந்தைக்கு
ஆட்டுப்பால் சோப்பு கொண்டுபோனேன்.
சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி
ஏழு கட்டிகளை எடுத்து எடுத்து முகர்ந்தாள்.
வாசத்தை மட்டும் கொண்டுபோனாள்.

ஜூலையில் ஆடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு போயின.
ஒன்பதும்.
கயிறும் மன்னிப்புமாக ஓடினேன்,
ஏரிக்கரையில் ஆல்ட்ரிஜ் வீட்டுச் சரிவுக்கு.
தொட்டால் கொப்புளிக்கும் கொடி
அவர் படித்துறை வரை படர்ந்திருந்தது.
ஆடுகள் அதைக் கீரைபோல் மென்றுகொண்டிருந்தன.
ஓய்வுபெற்ற பல்மருத்துவர்,
கையில் ஐஸ் தேநீர்,
அவற்றின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நாளைக்கும் வருமா?"
எனக்கு மூச்சு வாங்கியது.
"ஒரு நாளைக்கு எவ்வளவு?"
என்னைக் கேட்காமல் என் வாய்
நூற்றிருபது என்றது.

அப்புறம் மின்வேலி, கடனுக்கு.
செப்டம்பருக்குள் நான்கு ஏரி வீடுகள்,
ஒரு பள்ளிக்கூடத்து ஓடைக்கரை,
பாதிக் கூலிக்குக் கல்லறைத் தோட்டம்:
அங்கே படுத்திருப்பவர்களில் மூவர்
எங்களிடம் முட்டை வாங்கியவர்கள்.

ஹாலிஸுக்கு எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை.
பாலில்லை. கறியில்லை. குட்டியும் விற்கவில்லை.
"பசி" என்று எழுது, என்றேன்.
பசியை வாடகைக்கு விட்டோம்.
கரண்ட் பில்லை அது கட்டியது.
லாரியின் இரண்டு டயரையும்.

கட்டாத பாக்கி ஒன்று உண்டு.
பிறத்தியார் சரிவின் நஞ்சு
ஆட்டு ரோமத்தில் ஏறி வீட்டுக்கு வருகிறது,
ரோமத்திலிருந்து என் முழங்கைக்கு.
இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடப்பேன்.
விற்காத சோப்பு அவ்வளவும்
அதற்குத்தான் செலவாகிறது.
லாவெண்டர் மணக்க மணக்க அரிக்கிறது.

இப்போது டிசம்பர்.
கொடிகளில் இலை இல்லை, ஏரி வீடுகளில் ஆள் இல்லை.
வெளியே போயிருந்த பசி
ஒன்பது வாயோடு திரும்பிவந்து
கொட்டகைக் கதவை முட்டுகிறது.
உலர்புல் கட்டு எட்டு டாலர்,
இந்த வருஷம் ஒன்பது என்கிறார்கள்.
காப்பி டின்னைக் குலுக்கிப் பார்த்துவிட்டு
உள்ளே வந்தேன்.
ஹாலிஸ் நாள்காட்டியைத் திருப்பிப் போட்டு,
கத்தியைத் தேடியெடுத்து,
வருஷத்தில் முதல்முறையாக
பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.