சிவப்புத் தட்டு

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
பிழை பார்ப்பது.
நுண்ணோக்கிக்குக் கீழே நகக்கண் அளவு சில்லு.
முடி மொத்தத்தில் கீறல் இருந்தாலும்
சிவப்புத் தட்டு.
காலை ஏழிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்,
பதினோரு வருஷம்.

அந்தக் கண்ணோடு சொல்கிறேன்:
'கடல் பக்கத்து ஜன்னல்' தொடரை
நான் பாஸ் பண்ணியிருக்கவே மாட்டேன்.

நாலாம் பாகத்தில் ஆஸ்பத்திரி என்கிறார்கள்.
கட்டிலுக்குப் பின்னால் கரும்பலகை,
அழித்தும் அழியாத ஏழாம் வாய்ப்பாடு.
மழை, தெருவின் ஒரு பக்கம் மட்டும்.
எதிர்ப்பக்கம் பீசாங் கோரெங் போடுகிறவர்
குடையில்லாமல், நனையாமல்
எண்ணெய் வடித்துக்கொண்டிருக்கிறார்.
செத்துப்போன அம்மாவுக்கு
ஆறாம் பாகத்தில் ஒரு முகம், ஒன்பதில் வேறு முகம்.
பிளாஸ்டிக் மாலை மட்டும் அதேதான்.

பதினான்கில் தயாளனே மாறிவிடுகிறான்.
நடித்தவருக்குக் காசு பாக்கியாம்.
புதியவர் அரையடி குட்டை, இடக்கைக்காரர்.
வீட்டில் ஒருவரும் திடுக்கிடவில்லை.
தங்கச்சி சாதாரணமாகக் கேட்கிறாள்:
"அண்ணே, கறி சூடு பண்ணட்டா?"

அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்ததே இல்லை.
நாலு தடவை பார்த்தாயிற்று.
இது ஐந்தாவது.

சாயங்காலம் கம்பெனி பஸ் பாலத்தில் ஊரும்.
ஒரு பாகம் இருபத்திரண்டு நிமிஷம்,
நடுவில் லாரி ஏதாவது படுத்துவிட்டால்
பிறை போய்ச் சேர்வதற்குள் மூன்று பாகம்.
பக்கத்தில் நோராய்னி,
என் இயர்போனில் ஒன்று அவள் காதில்.
தமிழ் தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்து போதும்.
அந்த எழுத்தும் லட்சணம்தான்.
நாயகி 'மாமா' என்று குழைந்தால்
'பாக்சிக்' என்று போட்டுவிடும்.
சித்தப்பனையா காதலிக்கிறாள் என்று
நோராய்னி ஒரு வாரம் முகம் சுளித்தாள்.

பத்தொன்பதாம் பாகம்.
தயாளன், அந்தக் குட்டைத் தயாளன்,
சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறான்.
இசை இல்லை. பேச்சில்லை.
குழாய் மட்டும் ஓடுகிறது.
கழுவி வைத்ததை எடுத்துத் திரும்பவும் கழுவுகிறான்.
தங்கச்சி கணக்கு நோட்டில் கோடு போட்டபடி இருக்கிறாள்.
அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு
"போயிட்டு வரேன்" என்கிறான்.

கீழே எழுத்து:
'அக்கு பெர்கி.'
நான் போகிறேன்.

நோராய்னி முதல் தடவையே அழுதுவிட்டாள்.
நான் எதற்கு என்று கேட்டேன்.
வருவான் பாரு என்றேன்.
கடைசிப் பாகம்வரை
கதவு தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

மொழிபெயர்த்தவருக்கு அவசரமாக இருந்திருக்கும்,
அல்லது இடம் போதவில்லை.
'வரேன்' விழுந்துபோனது.
தமிழில் அப்படி விட வாய் வராது.
கடைக்குப் போனாலும், கோர்ட்டுக்குப் போனாலும்
போயிட்டு வரேன்தான்.
சிங்கப்பூர் வேலைக்கென்று என் வீட்டுக்காரர்
பெட்டியைத் தூக்கியபோதும்
அதையேதான் சொன்னார்.
கீழே எழுத்து ஓடவில்லை.

பஸ் நகர்ந்தது, நின்றது.
வலது பக்கம் கடல் கருத்துக்கொண்டிருந்தது.
நோராய்னி விரலை நீட்டித் திரையைப் பின்னுக்கு இழுத்தாள்.
"லாகி செகாலி," இன்னொரு தடவை.
குழாய். தட்டு. முதுகு.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
முதலில் கழுவியது நீலக்கரை போட்ட தட்டு.
திரும்ப எடுத்துக் கழுவுவது
வெறும் வெள்ளை.

பதினோரு வருஷக் கண்,
ஐந்தாவது தடவையில்.

நோராய்னி மூக்கை உறிஞ்சினாள்.
நான் அவளிடம் சொல்லவில்லை.