இரண்டாவது புகார்

முதல் புகாரை நான் எழுதிக்கொண்டது
தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில், ஹான்காக்கில்,
கூரைப் பனியை வெய்கோ தள்ளித் தள்ளி
ஜன்னலுக்கு வெளியே தொப்தொப்பென்று விழுந்துகொண்டிருந்தபோது.

"தங்கையோடு பேசும்போது
ஒரு விநாடி லைன் செத்துப்போகிறது.
இன்னொரு அழைப்பு காத்திருக்கிறதாக்கும் என்று
பெட்டியைப் பார்த்தால்
பெயரில்லை, எண்ணில்லை,
மணி மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது."

வெர்னா ஹைக்கினென் காபி ஊற்றினாள்.
ஏழு டாலர் மாதச் சந்தாவுக்குக்
கணக்குச் சொல்லியாகவேண்டும் நான். சொன்னேன்:

நீங்கள் பேச்சில் இருக்கையில் வேறொருவர் அழைத்தால்
எக்ஸ்சேஞ்ச் முதலில் எதிர்முனையின் வாயைப் பொத்தும்.
இரண்டு சுருதிகளை ஒன்றாகப் பிசைந்து
உங்கள் பெட்டியைத் தட்டும்.
இமை மூடித் திறப்பதற்குள் ஓய்ந்துவிடும் தட்டல்.
பெட்டி உங்கள் காதை மூடிவிட்டு
'தயார், சொல்' என்று ஓர் ஒலி தரும்.
அந்த ஒலிக்கு உங்கள் போனில் பொத்தான் கிடையாது.
பிறகுதான் பெயர் வரும்,
சீறலாக வந்து திரையில் எழுத்தாக நிற்கும்.
வாய் திறக்கும். காது திறக்கும்.
எல்லாம் ஒரு விநாடிச் சங்கதி.

"சரி. யாருமே அழைக்கவில்லையே, அப்புறம் ஏன்?"

மூன்று ஞாயிறு கருவியை மாட்டிவைத்துக் கேட்டேன்.
கம்பியில் ஈரமில்லை. முடிச்சில் துருவில்லை.
வெய்கோ நிலவறையில் மற்ற போனை எடுத்து
"ஐலி, சௌக்கியமா" என்று நுழைந்தால் மட்டும்
தடங்கலே வருவதில்லை.
அதில் துப்புக் கிடைத்தது:
வீட்டில் இன்னொரு போன் எடுபட்டிருந்தால்
இந்த ரகப் பெட்டி பதில் பேசாது.
ஆக, திருடன் பெட்டிதான்.

அதை ஏமாற்றியது யாரென்று
தாளில் ஓடிய கோடுகள் காட்டின.
டுலூத்திலிருந்து ஐலி சிரிக்கிறாள்.
படியேறுவதுபோல ஏறும் சிரிப்பு
உச்சியில் இரண்டாகப் பிளந்து
அந்த இரண்டு சுருதிகளையும் பிசகாமல் தொடுகிறது.
எக்ஸ்சேஞ்ச்தான் கூப்பிடுகிறது என்று நம்பிப்
பெட்டி அக்காவின் காதை மூடுகிறது.
'தயார், சொல்.'
யாரும் எதுவும் சொல்வதில்லை.
கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திறந்துவிடுகிறது.

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.
"அப்படியானால் அவள் சிரிப்பின் உச்சி
இத்தனை நாளும் எனக்கு வந்து சேரவில்லை."

வேறு பெட்டி வேனிலேயே இருக்கிறது என்றேன்.
யோசித்தாள்.
"இருக்கட்டும், மிஸ்டர் ட்ரெவார்த்தா.
இனிமேல் லைன் செத்தால்
எதற்கென்று தெரியுமே."

கோளாறு இல்லை, வாடிக்கையாளர் திருப்தி
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

இரண்டாவது புகார் அக்டோபரில்.

"இப்போதெல்லாம் சாகவே மாட்டேன் என்கிறது.
ஆறு வாரமாக. ஐலி சிரிக்கத்தான் செய்கிறாள்,
முன்னைவிட அதிகமாகவே.
வந்து பாருங்கள்."

போனேன். அந்த இரண்டு சுருதிகளை
நானே கருவியிலிருந்து அனுப்பினேன்:
உடனே காதை மூடியது, 'சொல்' என்றது.
பேச்சின் நடுவே எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒருத்தியை அழைக்கச் சொன்னேன்:
பெயர் முழுசாக வந்து நின்றது.
பெட்டி நன்றாக இருக்கிறது என்றேன்.
லைனும் நன்றாக இருக்கிறது என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
நாற்காலி முதுகில் அவளுடைய கோட்டு
நான் வருவதற்கு முன்பே கிடந்திருக்கிறது.
"டுலூத்துக்கு எவ்வளவு நேரம்?"
"நாலு மணி. சாலை காய்ந்திருந்தால்."
வெய்கோ சாவியைத் தேடி ஒவ்வொரு பையாகத் தட்டினான்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு:
வீடு, லைன், எக்ஸ்சேஞ்ச்.
எதையும் குறிக்காமல் கொடுத்தேன்.
வியாழக்கிழமை அலுவலகம் திருப்பி அனுப்பியது,
ஏதாவது ஒன்றைக் குறிக்கச் சொல்லி.