வயது: 15

நுண்ணோக்கியின் அடியில் பெருங்குடலின் ஒரு துணுக்கு,
இளஞ்சிவப்பும் ஊதாவும்.
கோழை நிரம்பி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய செல்கள்.
முத்திரை மோதிரம் என்று பெயர்.
யாருடைய விரலுக்கும் அளவெடுக்காதவை.

இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று
ரக்ன்ஹில்ட் கீழ்த்தளத்தை அழைத்தாள்.
"ஐம்பத்தொன்றுதானே?"
தாள் புரளும் ஓசை.
"இல்லை. பதினைந்து. ஐவின்ட்.
பள்ளிப் பையோடு வந்தவன்."

எட்டு மாதமாய் வயிறு சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
மலச்சிக்கல் என்றார்கள்.
கணக்குத் தேர்வுப் பயம் என்றாள் பள்ளிச் செவிலி.
இரத்தத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.
பதினைந்து வயதில்
கழிப்பறைக் கதையை எவரிடம் பேசுவது?
தாழ்ப்பாள் போட்டான், தண்ணீரை இழுத்துவிட்டான்,
பனிச்சறுக்குப் பயிற்சிக்கு நேரமாகியிருந்தது.

இருபத்திரண்டு வருட வேலையில் அவள் பார்த்ததில்லை.
புத்தகத்தில் அரைப் பக்கம்,
அதிலும் பாதி அடிக்குறிப்பு.

ட்ரோண்ட்ஹெய்மில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
சன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தத்தில்
ஸ்கீ கட்டைகளைத் தோளில் சாய்த்த பையன்கள்.
ஒருவன் ஏதோ சொல்ல
இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறான்.
சிரிப்புதான்.
தெரியும், சிரிப்புதான்.
அவன் நிமிரும்வரை நின்று பார்த்தாள்.

பிறகு அறிக்கையைத் திறந்து
அடுத்துப் படிப்பவர் தொலைபேசியை எடுக்காதபடி
வயதை
எண்ணால் அல்ல, எழுத்தால் எழுதினாள்:
பதினைந்து.