சுங்கம்

ஜார்ஜியாவின் குத்தாயிசியில்
நெஸ்தான் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்,
நானூற்றுச் சொச்சம் வரி.
டப்ளினில் எங்கள் நிறுவனத்தின்
ரசீதெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறதென்று
போன செவ்வாய் அது நிற்கும்வரை
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அவசரம்" என்று எழுதினேன்.
பதில் இல்லை. "மிக அவசரம்" என்றேன்.
ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை,
என் தொனியில் மட்டும் ஒரு மேலாளர் இருந்தார்.

பகலெல்லாம் அவள்
பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவள்.
விடிகாலை மூன்று பத்துக்குத் திருத்தம் வந்தது.
ஒரே ஓர் எழுத்து.

நன்றி சொல்வது எப்படி என்று
பதினொரு பேர் ஒரு மணி நேரம் பேசினோம்.
எங்கள் சின்னம் பதித்த குளிர்சட்டை ஒன்று போனது,
பெட்டியின் மேல் விலையைப்
பெருமைக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டு.

நேற்று எழுதியிருந்தாள்:
"சட்டை வந்தது. எனக்குப் பெரிது, தம்பி போட்டுக்கொண்டான்.
சுங்கம் கட்டினேன், முப்பத்தொரு லாரி."

லாரி என்றால் அங்கே காசு.
தெரியும்.
ஆனாலும் இந்தத் தமிழ்க் காதுக்கு
முப்பத்தொரு லாரிகள்
அலுவலக வாசலில் வந்து நின்றன,
வெற்று முதுகோடு,
எஞ்சின் அணைக்காமல்.