உயரம் தெரியாமல்

இரண்டு ஈடு. ஈட்டுக்கு ஏழு குடுவை.
பதினான்கு குடுவை பீன்ஸ்
ஆகஸ்ட் முடியுமுன் அலமாரி ஏறின.
கொலராடோவின் இந்த மலைச்சரிவில்
உறைபனி இல்லாத நாள் எண்பதுதான் என்றார்கள்.
கட்டில் விரிப்பு, கிழிந்த திரைச்சீலை,
எட்வினின் பழைய மழைக்கோட்டு,
எல்லாம் போர்த்தி,
நடுச்சாமத்தில் டார்ச் அடித்துப் பார்த்து வளர்த்த கொடி.

காம்பு கிள்ளி, இரண்டு விரற்கடைக்கு ஒடித்து,
கழுத்தில் ஓர் அங்குலம் வெற்றிடம் விட்டு,
வாய் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து
மூடி திருகினேன்.
நெப்ராஸ்காவில் இருபத்திரண்டு கோடை
இதையே செய்த கை.
கை யோசிப்பதில்லை.
அழுத்தமானியின் முள்ளைப் பதினொன்றில் நிறுத்தி
இருபத்தைந்து நிமிடம். அடுப்பை அணைத்தேன்.

இரவில், துண்டின்மேல் ஆற ஆற
மூடிகள் ஒவ்வொன்றாய் உள்வாங்கின.
டிக்.
வெகுநேரம் கழித்து, டிக்.
படுத்தபடியே எண்ணினேன்.
கடைசி டிக் கேட்டதும் தூக்கம் வந்தது.

செப்டம்பர் ஒன்பது.
விதைக்கடையில் சில்லறைக்குக் காத்திருந்தபோது
வெர்னா டில்லார்ட் சும்மாதான் கேட்டாள்:
"இங்கே பதினாலு வரை ஏத்தணுமே,
உங்க குக்கர் தாங்குதா?"

ஏழாயிரத்து அறுநூறு அடி.
இங்கே தண்ணீர் கொதிக்கும்,
கொதிக்கிற அளவுக்குச் சுடாது.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நான் உயரம் தெரியாமல் உலை வைத்தேன்.
யாருக்கு வைத்தேன் என்பதுதான்
கடையிலிருந்து வண்டிவரை நடக்கும்போது
நெஞ்சில் கொதித்தது.

மூடி சொன்ன டிக்
காற்றைப் பற்றி மட்டும்தான் சொன்னது.
உள்ளே எது பிழைத்துக் கிடக்கிறது என்று
அதற்கும் தெரியாது.
அழுகிய பண்டமாவது நேர்மையாய் நாறும்.
இது நாறாது, நிறம் மாறாது,
நாக்கில் வைத்தாலும் பீன்ஸ்தான்.

அலமாரியில் பன்னிரண்டு.
இரண்டைக் கொடுத்திருந்தேன்.

ஒன்று தபால் நிலையத்து ரொசால்வாவுக்கு.
அவள் அதைத் திறக்கவே இல்லை.
ஜன்னலில் வைத்திருந்தாள்,
வெயில் பச்சையாய் இறங்கும் அழகுக்காக.
பிடுங்காத குறையாய் வாங்கி வந்தேன்.

மற்றது, போன குளிரில் எங்கள் பாதையின் பனியைத்
தள்ளித் தந்த ஓரின் ஸ்டோல்ட்ஸுக்கு.
"நேத்தே தின்னாச்சு. உப்பு கொஞ்சம் கம்மி."
எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டீர்கள்?
"கொதிக்கவா? லேசா சுடவெச்சேன்."

பார்வை இரண்டாகத் தெரிகிறதா?
விழுங்க முடிகிறதா?
சிரித்தார்.
நான் அவர் இமைகளைப் பார்த்தேன்.
இடது இமை சற்றே சரிந்திருக்கிறதா?
எழுபத்தொன்பது வயது இமை
எப்போதுமே அப்படித்தானோ?
ஒரு வருடம் கையசைத்துக் கடந்த மனிதர்.
எனக்குத் தெரியவில்லை.

அவர் சமையலறையிலிருந்தே மருத்துவமனைக்குப் பேசினேன்.
பத்து நாள் கவனியுங்கள்,
சிறு மாற்றம் என்றாலும் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள்.
பத்து நாளும் மாலையில் போனேன்.
"இமை பார்க்க ஆள் வந்தாச்சு" என்று
நாயிடம் சொல்லிவிட்டு
விளக்கடியில் வந்து உட்காருவார்.
மூன்றாம் நாள் சீட்டுக்கட்டு எடுத்தார்.
ஆறாம் நாள் நான் ஜெயித்தேன்.

பதின்மூன்று குடுவையையும் திறக்காமல்
தடித்த பைகளில் கட்டி
எட்வின் இடுப்பளவு குழியில் இறக்கினான்.
மண் விழும்போது
ஒன்றாவது உடையும் என்று காதைத் தீட்டி நின்றேன்.
எதுவும் உடையவில்லை.

பதினோராம் நாள் போக வேண்டியதில்லை. போனேன்.
"அந்த பீன்ஸ் மிச்சம் இருக்கா?" என்றார்.
புதைத்துவிட்டோம் என்றேன்.
"புதைச்சீங்களா! அத்தனையுமா!"

இரண்டு இமையும்
சரிசமமாய்
உயர்ந்தன.