மைனஸ் நாற்பது

உக்கடத்துப் பழைய இரும்புக் கடை கபீர் அண்ணன்
ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார்.
நாலு விரல் கனம். ஒரு முழ நீளம்.
ஓரமாய்க் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
"டேங்கித் தகடுங்க. தண்ணி டேங்கி இல்லீங்க, சண்டை டேங்கி.
எந்தச் சண்டைன்னு வித்தவனுக்கே தெரியல.
காரணம்பேட்டைக் கிரஷர்ல தாடைக்கு ஆவுமான்னு கேக்கறாங்க."

ஓட்டையை விட்டுத் தள்ளி அறுக்க வேண்டும்.
சூடு பட்ட இடம் பொய் சொல்லும்.
திருமூர்த்தி ரம்பத்துக்குத் தண்ணீர் திறந்தான்.
ஓட்டையின் உள்சுவரில்
குங்குமம் அளவு செம்பு.
இந்த இரும்பினுடையது அல்ல,
வந்து போனதனுடையது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மெருகேற்றி, நைட்டால் தொட்டு, லென்சுக்கடியில் வைத்தேன்.
காய்ந்த கிலுவை வேலியாய் ஊசி ஊசியாக.
குறுக்கே, உருட்டிய திசையில் இழுபட்ட
சல்பைடு இழைகள்.
நிக்கல் இல்லை. மாலிப்டினம் பேருக்கு.
யாருக்கோ கையிருப்பு தீர்ந்திருக்கிறது.
யாரோ உலையை நேரத்துக்கு முன்னால் திறந்திருக்கிறார்கள்.

சாதாரண வெப்பத்தில் அடித்தோம்: பதினொரு ஜூல்.
கிரஷர்காரருக்கு அது போதும்.
எனக்குப் போதவில்லை.
கணபதியில் பங்குனி வெயில்.
ஐஸ்கிரீம் கம்பெனியில் டிரை ஐஸ் வாங்கி
அசிட்டோனில் துண்டு துண்டாய்ப் போட்டு
எங்கோ ஓர் ஊரின் பனிக்காலத்தைத்
தெர்மாகோல் பெட்டிக்குள் வரவழைத்தோம்.
இடுக்கியால் எடுத்து
ஐந்து எண்ணுவதற்குள் வைத்தாக வேண்டும்.
சம்மட்டி இறங்கியது; தடுக்கவே இல்லை,
எதிர்ப்பக்கம் உயர ஏறிப் போனது.
ஆறு.
முறிந்த முகம் கல்லுப்பாய் மின்னியது.
"முறுக்கு ஒடிஞ்சாட்டம் இருக்குதுக்கா" என்றான் திருமூர்த்தி.
அடுத்தது ஏழு. அப்புறம் ஐந்தரை.

விளிம்பில் பாதி தேய்ந்த முத்திரை:
ஒரு வட்டம், உள்ளே படிக்க முடியாத எண்.
சரி பார்த்தவரின் முத்திரை.
அங்கேயும் ஒரு மேசை இருந்திருக்கும்,
வாசலில் இஞ்சினை அணைக்காத லாரி.

போன மாதம் ஒரு பம்பு ஷாஃப்ட்.
இருபத்தேழு வேண்டும்.
வந்தது இருபத்தாறு புள்ளி இரண்டு.
மாசக் கடைசி. முதலாளி எதிரே நின்றார்.
"ஒரு ஜூலுல என்னங்கம்மணி ஆயிரப்போவுது?"
இருபத்தேழு என்று எழுதினேன்.
தண்ணீர் இறைக்கிற ஷாஃப்ட்தானே,
உள்ளே யாரும் உட்காரப் போவதில்லையே
என்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

கபீர் அண்ணன் போனில்: "தாடைக்கு ஆவுங்களா?"
ஆகாதுங்க.
"அப்ப எடைக்குத்தான்" என்று வைத்துவிட்டார்.

ஆறு, ஏழு, ஐந்தரை.
சராசரி ஆறு புள்ளி ஒன்று ஆறு ஆறு ஆறு,
கால்குலேட்டர் நிறைய ஆறு.
"ஆறுன்னே முடிச்சுருங்கக்கா,
கரண்டு போறதுக்குள்ள" என்கிறான் திருமூர்த்தி.
பேனா இன்னும் புள்ளி மேல் நிற்கிறது.